செலவு பாதியாகும், சரி. மொய் நோட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: எனக்கு 41 வயது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் வாடகை வீடு. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் 13 வருஷமாக வேலை. பேசிக் 40,000, கைக்கு வருவது 82,000. மனைவி பக்கத்து மழலையர் பள்ளியில் 16,000 வாங்குகிறார். மகள் நாலாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். ஒரே கடைத்தெரு உள்ள சின்ன ஊர். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பட்டுக்கோட்டையில் தெரிந்தவரின் எண்ணெய் மில்லில் கணக்கு பார்க்க மாதம் 38,000 தருவதாகச் சொல்கிறார்கள். 'ஊருல செலவு பாதிதான், வந்துடு' என்கிறார் மச்சான். பி.எஃப். 11 லட்சம், எஃப்.டி. 6 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 4 லட்சம் இருக்கிறது. கார் கடன் 3.1 லட்சம் பாக்கி. பி.எஃபை எடுத்து அப்பா வீட்டுக்கு மேல்மாடி போட்டுக்கொண்டு, வரும் ஜூனில் கிளம்பிவிடலாமா? மாதச் செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலைக் கூட்டினால் 89,700 வருகிறது. அதே குடும்பத்தை ஊரில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 42,900. பாதிக்கும் சற்றுக் கீழேதான். ஆனால் வருமானம் 98,000-லிருந்து 38,000 ஆகிறதே, அதை மச்சான் சொன்னாரா? செலவு பாதியாகும்போது வரவு ஐந்தில் இரண்டு பங்காகிறது. மாதம் 4,900 துண்டு விழும். அதுவும் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எதையும் சேர்க்காமல்.

எது குறைகிறது, எது குறையவில்லை என்று பாருங்கள். வாடகை 22,000, மெயின்டனன்ஸும் டேங்கர் தண்ணீரும் 4,000, இரண்டும் ஒழிந்தன. பெரிய லாபம் இதுதான், மற்றதெல்லாம் சில்லறை. பள்ளிச் செலவு 14,000-லிருந்து வேனோடு சேர்த்து 6,000 ஆகலாம். மளிகை, பால், காய்கறி 17,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் 16,000 என்று வைத்திருக்கிறேன். இங்கே நாலு பேர், அங்கே ஆறு பேர். முருங்கைக்காய் கொல்லையில் கிடைக்கும், தேங்காய்க்குக் காசில்லை, எல்லாம் சரி. கேஸ் சிலிண்டரும் எண்ணெயும் துவரம்பருப்பும் ஊர் பார்த்தா விலை சொல்கின்றன? பெட்ரோலுக்கும் அதே கதைதான். தினம் பட்டுக்கோட்டை போய்வர நீங்கள் ஒரு பைக், வீட்டுக்கு இன்னொரு வண்டி, அதற்கு 4,000.

கரண்ட் பில் ஒரு வேடிக்கை. இங்கே 'கிருக ஜோதி'யில் உங்களுக்குப் பில்லே வருவதில்லை என்கிறீர்கள். கர்நாடகத்தில் மாதம் 200 யூனிட் வரை அந்தச் சலுகை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசம். ஆறு பேர் உள்ள வீட்டில், சித்திரை வெயிலில் ஒரு ஏ.சி. ஓடினால் 100 யூனிட் எத்தனை நாளைக்கு வரும்? மகளிர் இலவச பஸ் இரண்டு மாநிலத்திலும் இருப்பதால் அதில் மிச்சம் என்று ஒன்றுமில்லை. வருமான வரியிலும் அப்படித்தான். புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது என்பதால் நீங்கள் இப்போதே கட்டுவதில்லை.

பிறகு கார். ஊர் சின்னது என்று இ.எம்.ஐ. சின்னதாகாது, அதே 9,200. கே.ஏ. நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்ட வேண்டும். பெங்களூருவிலேயே விற்றுவிடுங்கள். கடனை முன்கூட்டி முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், முடித்ததும் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. கடிதம் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அடமானக் குறிப்பை நீக்கிய பிறகே வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். பொம்மனஹள்ளியிலிருந்து பொம்மசந்திராவுக்கு மஞ்சள் தடத்தில் மெட்ரோ 2025 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகவா மாதம் 9,200?

கார் போனால் ஊர்ச் செலவு 33,700. மாதம் 4,300 மிஞ்சும், வருஷத்துக்கு 51,600. நான் பயப்படுவது இந்தத் தொகையை நினைத்துத்தான், ஏனென்றால் உங்கள் பட்டியலில் ஒரு வரி இல்லவே இல்லை.

மொய்.

பெங்களூருவில் 13 வருஷம் இருந்துவிட்டு அதை மறந்துவிட்டீர்கள். இங்கே ஆபீஸில் யாருக்காவது கல்யாணம் என்றால் ஆளுக்கு 500 ரூபாய், ஒரு கவர், அதோடு முடிந்தது. உங்கள் பக்கத்தில் மொய் என்றால் அன்பளிப்பு இல்லை, கணக்கு. ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்து நடப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆட்டுக்கறிச் சாப்பாடு, வாசலில் மேஜை போட்டு நோட்டு, பெயரோடு ஊரும் தொகையும் எழுதுவார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை; ஆனால் வாங்கியவர் திருப்பிப் போடும்போது 'புதுநடை' என்று கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டும். குறைத்துப் போட்டவன் பெயர் எத்தனை வருஷம் கடைத்தெருவில் அடிபடும்!

ஆகவே இந்தப் பொங்கலுக்குப் போகும்போது அப்பாவின் மொய் நோட்டை எடுத்து உட்காருங்கள். உங்கள் கல்யாணத்துக்கும் தங்கைகள் கல்யாணத்துக்கும் வந்த மொய்யில் எவ்வளவு திருப்பியாயிற்று, எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று பெயர்வாரியாக எழுதுங்கள். பாக்கித் தொகை உங்கள் கடன் பட்டியலில் கார் கடனுக்குப் பக்கத்தில் வர வேண்டியது. நீங்கள் பெங்களூருவில் இருக்கும்வரை அப்பா 'பையன் வெளியூரு' என்று 500, 1,000-த்தில் சமாளித்திருப்பார். நீங்கள் குடிவந்த மறுநாளிலிருந்து வரும் அழைப்புப் பத்திரிகையில் உங்கள் பெயர் தனியாக எழுதப்படும். மாதம் இரண்டு விசேஷம் என்றாலே மேலே சொன்ன 51,600 தாங்குமா என்று யோசியுங்கள். 'நாமே ஒரு மொய் விருந்து வைத்து மாடி கட்டலாம்' என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம். ஐந்து வருஷம் தவணை கட்டும் கடன் அது, அவ்வளவுதான்.

இனி இங்கே இருக்கும்போது உங்களுக்கே தெரியாமல் சேர்வதைப் பாருங்கள். மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதாமாதம் போகும் எஸ்.ஐ.பி. 5,000, கையில் மிஞ்சுவது 3,300. பி.எஃபில் உங்கள் பங்கு 4,800. கம்பெனி போடுவதில் பென்ஷனுக்கு 1,250 போக 3,550. ஆக மாதம் 16,650, வருஷம் கிட்டத்தட்ட 2 லட்சம். மில்லில் பி.எஃப். உண்டா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. 38,000 என்றதும் தலையாட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் பி.எஃப். பிடித்தாக வேண்டும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நீங்கள்தான் அங்கே கணக்கு பார்க்கப் போகிறவர்.

பி.எஃபை எடுத்து மேல்மாடி போடும் யோசனைக்கு என் பதில்: கூடாது. 58 வயதுக்கு இன்னும் 17 வருஷம் இருக்கிறது. 2024-25-க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்த பணம் அது. வேலை மாறினால் யு.ஏ.என். என்ற உங்கள் நிரந்தர பி.எஃப். எண் வழியாகப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 10 வருஷம் தாண்டியதால் பென்ஷனுக்கும் தகுதி வந்துவிட்டது. இதையெல்லாம் விட்டாலும், அந்த மனை யார் பெயரில்? பட்டா அப்பா பெயரில் இருந்து, அவர் எழுதிவைக்காமல் போனால் தங்கைகளுக்கும் சம பங்கு. உங்கள் 11 லட்சத்தில் எழும்பிய மாடி அடிமனையோடு சேர்ந்து பாகத்துக்கு வரும். இன்றைக்கு ஒற்றுமையாகத்தான் இருப்பீர்கள். அப்பா இருக்கும்போதே, தங்கைகளைக் கூட்டி வைத்துப் பேசி, செட்டில்மென்ட் பத்திரம் பதிவான பிறகு மாடியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை கீழே ஓர் அறைக்கு வெள்ளையடித்து, ஒரு கழிப்பறை கட்டினால் போதும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கம்பெனி பாலிசி நீங்கள் வேலையை விட்ட அன்றோடு முடிந்துவிடும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால் அந்தக் கடிகாரம் இப்போதே ஓடத் தொடங்கட்டும்: உங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர், பெற்றோருக்குத் தனிப் பாலிசி. கம்பெனியின் குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை நம்ப வேண்டாம். ஆண்டு வருமான வரம்பு 1,20,000, உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தாது. நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் நீங்கள் ஓட வேண்டியது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு. இங்கே சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் திட்டுகிறோம். ஆனால் அந்த நெரிசலைச் சுற்றியே பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன.

நீங்கள் சொல்லாமல் விட்ட நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. கிராஜுவிட்டி. வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. 40,000 பேசிக்கில் 13 வருஷத்துக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் (மாதத்துக்கு 26 நாள்) என்ற கணக்குப்படி 3 லட்சம் வரும், வரி கிடையாது. வீட்டு ஓனரிடம் இருக்கும் பத்து மாத அட்வான்ஸ் 2.2 லட்சத்தில், பெங்களூரு வழக்கப்படி பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தாலும் 1.98 லட்சம் திரும்ப வரும். இந்த ஐந்து லட்சமும் எஃப்.டி.யும் சேர்ந்து உங்கள் ஆபத்துக்காலப் பணம்.

அந்தப் பணம் இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டாம். இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். வேலையை மாற்றிக்கொண்டு ஒரு வருஷம் ஊரில் இருந்தபோது, ஒரு சித்தப்பா முறை உறவினர் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டார். காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே போட்டுக் கொடுத்தேன். சட்டப்படி ஜாமீன்தாரருக்கும் கடன் வாங்கியவருக்கும் ஒரே பொறுப்பு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். நோட்டீஸ் எனக்குத்தான் வந்தது.

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரிந்த உங்களுக்குக் கடைத்தெருவில் பக்க வருமானம் கிடைக்கும் என்று மனைவி எழுதச் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் சொந்த ஊரில் வேண்டாம். அங்கே உரக்கடை மாமா, ஜவுளிக்கடை பெரியப்பா. 'தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்பா' என்பார்கள். உங்களால் பில் நீட்ட முடியாது. பட்டுக்கோட்டையில், முகம் தெரியாத நாலு கடையில் ஆரம்பியுங்கள்.

ஆக, போகலாமா? போகலாம், வரும் ஜூனில் அல்ல, அதற்கடுத்த ஜூனில். காரணம் உங்கள் மகள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வரும் ஜூனில் அவள் ஐந்தாவது, அதற்கடுத்த ஜூனில் ஆறாவது. ஒரு வருஷம் தள்ளிப் போவதால் இந்த வாய்ப்பு கை நழுவாது. அரசுப் பள்ளியா, தனியாரா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்த வாசல் திறந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். அங்கே அநேகமாக எந்தப் பள்ளியானாலும் தமிழ்ப் பாடம் உண்டு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் இந்தியும் எழுதிய பிள்ளைக்கு 'ழ'வும் 'ள'வும் கைவர இந்த ஒரு வருஷம் வேண்டும். தினம் அரை மணி நேரம், இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

அந்த ஒரு வருஷத்தில் கார் தவணை மட்டும் 1,10,400 மிச்சம், சேமிப்பு 2 லட்சம், காப்பீட்டுக் காத்திருப்பில் ஒரு வருஷம் கழியும். மில்காரர் அதுவரை காத்திருப்பாரா என்று கேட்பீர்கள். காத்திருந்தால் 45,000-மும் பி.எஃபும் கேளுங்கள். காத்திருக்காவிட்டால் பட்டுக்கோட்டையில் மில் அது ஒன்றுதானா? மனைவிக்கும் அங்கே ஒரு பள்ளியில் 8,000 ரூபாய்க்காவது வேலை உறுதி செய்துகொண்ட பிறகே இங்கே வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் கொடுங்கள்.

பொங்கல் முடிந்து திரும்பியதும் மொய் நோட்டின் பாக்கித் தொகையை எழுதி அனுப்புங்கள். அதை வைத்து இந்தக் கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.