கரும்புத் தோட்டத்துக் குவாட் பைக்கிற்கு மாற்று பேட்டரி

தென்னாப்பிரிக்காவின் ஸ்டாங்கரை அடுத்த கடலோரக் கரும்புத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயல்களைச் சுற்றிவரவும், பின்தட்டில் களைக்கொல்லித் தெளிப்பானை ஏற்றிச் செல்லவும் அவர் வைத்திருக்கும் குவாட் பைக்கின் (நான்கு சக்கர பைக்) பேட்டரி 14 மாதங்களிலேயே செயலிழந்துவிட்டது. அதற்கு முந்தையதும் ஏறத்தாழ அவ்வளவு காலமே உழைத்தது. இம்முறை கூடுதல் விலை கொடுத்து லித்தியம் பேட்டரி வாங்கலாமா என்று கேட்கிறார்.

அடுத்தடுத்து இரண்டு பேட்டரிகள் ஒரே கால அளவில் கெட்டிருப்பதால், குறை வண்டியிலோ பயன்படுத்தும் முறையிலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதைக் கண்டறியாமல் எதை வாங்கினாலும் மூன்றாவது பேட்டரிக்கும் அதே கதிதான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நன்கு சார்ஜ் ஏற்றிய பேட்டரியுடன் எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். ஏறத்தாழ 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் வண்டி சரியாக மின்னேற்றுகிறது. 13-ஐ எட்டாவிட்டால் ஸ்டேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருள்) அல்லது அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அது பேட்டரியை உள்ளுக்குள் காயவைத்துவிடும். அடுத்து, சாவியை அணைத்துவிட்டு எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணையுங்கள். அந்நிலையில் ஸ்டார்ட் பொத்தானைத் தொட வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர் கசிவு இயல்பே. அது 20 மில்லி ஆம்பியராக இருந்தால், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி வீதம் 30 நாளில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் வடிந்துவிடும். அதாவது 18 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெரும்பகுதி.

இவை இரண்டும் சரியாக இருந்தால், என் ஐயம் தெளிப்பானின் மீதே விழுகிறது. வரப்பருகே வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டபடி தெளிக்கும்போது, பம்பு இழுக்கும் மின்சாரத்தை அந்த வேகத்தில் ஸ்டேட்டரால் ஈடுசெய்ய இயலாமல் போகலாம். பற்றாக்குறை முழுவதும் பேட்டரியிலிருந்து போகிறது. திரும்பும் வழி சிறிது தூரமே என்பதால் இழந்தது மீள்வதில்லை. இவ்வாறு அரைகுறையாகவே கிடக்கும் ஈய பேட்டரியின் தட்டுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, மீண்டும் கரையாத நிலையை அடைகின்றன. தெளிப்பானுக்குத் தனியாக ஒரு பேட்டரி வைத்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் தீர்வு. அது வண்டியின் பேட்டரியைக் காப்பாற்றும்.

இனி வாங்குவது பற்றி. உங்கள் வேலைக்கு லித்தியம் தேவையில்லை என்பதே என் கருத்து. எடை குறைவு, சும்மா இருக்கும்போது மெதுவாகவே வடியும் என்ற நன்மைகள் உண்மைதான். ஆனால் அதற்குரிய சார்ஜர் வேண்டும், ரெகுலேட்டர் பழுதானால் அதைத் தாங்கும் திறன் குறைவு, விலையும் அதிகம். அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும், அடைக்கப்பட்ட ஏஜிஎம் வகை ஈய பேட்டரியையே வாங்குங்கள். அளவும் முனைகள் அமைந்த பக்கமும் வண்டியின் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பல பெரிய குவாட் பைக்குகளில் ஒய்டிஎக்ஸ்20எல்-பிஎஸ் என்ற 18 ஆம்பியர்-மணி வகை பொருந்துகிறது. ஒரே எண் கொண்டதாகத் தோன்றினாலும் 20-ஐ அடுத்துள்ள ‘எல்’ எழுத்து இல்லாவிட்டால் நேர்முனை எதிர்ப்பக்கம் வந்து கம்பி எட்டாமல் போகும். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் குளிர்நிலை ஆம்பியர் (குளிரில் எஞ்சினைக் கிளப்பும் திறன்), வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியில் அளக்கப்படுவது. கையேடு கேட்பதற்குக் குறையாமல் இருந்தால் போதும். நம் கடற்கரையில் அதைவிட அதிகமான எண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அமிலம் தனிப்பொதியில் வரும் வகையாயின், ஊற்றி அரைமணி நேரமாவது ஊறவிட்டு, முதல் மின்னேற்றத்தை முழுமையாக முடித்த பிறகே வண்டியில் பொருத்துங்கள். கடைக்காரர் அவசரமாக மாட்டித் தந்தாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் மின்னேற்றம் குறைந்தால் அந்தப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவை அடையாமலே போகலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது நேர்முனையை முதலிலும் கையாளுங்கள். உப்புக்காற்றில் முனைகள் விரைவில் பூத்துவிடுவதால் கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வாசலின் பூசிவையுங்கள்.

டிசம்பரில் ஆலைகள் மூடியபின், தைப்பூசம் கழிந்து ஏப்ரல் வரை வண்டி பெரும்பாலும் சும்மா நிற்கும். இங்கே அது கோடைக்காலம்; வெப்பம் ஏற ஏற தானாக வடிதலும் கூடும் என்பதால், ஆபத்தும் இந்த மாதங்களிலேயே மிகுதி. எதிர்முனையைக் கழற்றிவைத்து மாதம் ஒருமுறை அளந்து, ஓய்வுநிலையில் 12.5 வோல்டிற்குக் கீழ் இறங்கியிருந்தால் உடனே மின்னேற்றுங்கள். 18 ஆம்பியர்-மணிக்கு 1.8 ஆம்பியர் சார்ஜர் பொருத்தமானது. பக்கி (பிக்கப்) வண்டிக்கான பெரிய சார்ஜரை இணைக்காதீர்கள். தானியங்கிச் சார்ஜரைத் தொடர்ந்து இணைத்து வைப்பவராயின், மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியதும் அது மறுபடி இயங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சில வகைகள் பொத்தானை அழுத்தும் வரை காத்துக்கிடக்கும்.