டிராவல் நர்ஸிங்: சம்பளம், படி, காப்பீடு – கேள்வி பதில்

அமெரிக்காவில் டிராவல் நர்ஸாக, அதாவது ஏஜென்சி மூலம் சில வார ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் நர்ஸாக, இருப்பவர்களும் போக நினைப்பவர்களும் கேளுங்கள். விசா கேள்வி மட்டும் வேண்டாம். அதற்கு வக்கீல் இருக்கிறார்.

டாலஸ்: அக்கா, 13 வாரம், வாரம் 2,200 டாலர் என்கிறார்கள். இப்போது ஸ்டாஃப் வேலையில் 1,600தான். போகலாமா?

அந்த 2,200ஐ முதலில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 36 மணி நேரம், மணிக்கு 25 டாலர்: வரி பிடிக்கும் கூலி 900. மீதி 1,300 வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான வரியில்லாப் படி. நோயாளிகள் எண்ணிக்கை குறைந்து 12 மணி நேர ஷிப்ட் ஒன்று ரத்தானால் 300 போகும் என்று நினைப்பீர்கள். படியையும் மணிக்கணக்கில் பிடிக்கும் ஒப்பந்தம் என்றால் இன்னொரு 433 போகும். வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கப் போவதில்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி, எத்தனை ஷிப்டை மருத்துவமனை ரத்து செய்யலாம், பாதியில் அனுப்பிவிட்டால் என்ன தருவார்கள் என்று பாருங்கள். ரெக்ரூட்டர் போனில் சொன்னதெல்லாம் பேச்சு. எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியக் கணக்கில் ஏறுவது அந்த 900 மட்டும்தான். அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளை வைத்துத்தான் ஓய்வூதியம். ஓரிரு வருஷம் பரவாயில்லை, பத்து வருஷம் இப்படி ஓட்டினால் வயதான பிறகு தெரியும்.

ஃபீனிக்ஸ்: இரண்டு ஒப்பந்தத்துக்கு நடுவில் மூன்று வாரம் இன்சூரன்ஸ் இல்லை. என்ன செய்வது?

ஏஜென்சியின் காப்பீடு கடைசி நாளோடு முடிகிறதா, மாதக் கடைசி வரை ஓடுமா என்று கேளுங்கள். முடிந்துவிட்டால் கோப்ரா இருக்கிறது: நின்ற காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரச் சட்டம் தரும் வழி. சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க 60 நாள் தருவார்கள். சேர்ந்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். அதனால் பலர் பொறுத்திருந்து, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மட்டும் சேர்கிறார்கள். ஆனால் விட்ட நாளுக்கும் சேர்த்து முழு பிரீமியமும், மேலே 2 சதவீதமும் உங்கள் தலையில்.

ஹூஸ்டன்: குழந்தை பிறந்தால் எஃப்எம்எல்ஏ (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) விடுப்பு கிடைக்குமா?

ஒரே நிறுவனத்தில் 12 மாதமும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேர வேலையும் வேண்டும். ஏஜென்சி மாறிக்கொண்டே இருந்தால் கஷ்டம். கிடைத்தாலும் அது சம்பளமில்லா விடுப்பு.

நியூ ஜெர்சி: சித்தி பையன் வீட்டு முகவரியை டாக்ஸ் ஹோமாக (வரிக் கணக்குக்கான சொந்த ஊராக) கொடுத்திருக்கிறேன். வாடகை தருவதில்லை. ஏஜென்சி ஒப்புக்கொண்டது.

ஏஜென்சி ஒப்புக்கொண்டால் வரித்துறையான ஐஆர்எஸ் ஒப்புக்கொண்டதாகாது. படிக்கு வரியில்லாததற்குக் காரணமே நீங்கள் இரண்டு இடத்தில் செலவு செய்கிறீர்கள் என்பதுதான். ஊரில் செலவே இல்லை என்றால் மொத்தப் படியும் வருமானம். வரியும் வட்டியும் உங்களுக்குத்தான் வரும், ரெக்ரூட்டருக்கு இல்லை.

சாக்ரமெண்டோ: அக்கா, வீட்டிலிருந்து 50 மைல் தாண்டினால் போதும், எல்லோரும் வரியில்லாப் படியை அப்படித்தான் வாங்குகிறார்கள்.

50 மைல் என்பது ஏஜென்சிகளும் மருத்துவமனைகளும் வைத்துக்கொண்ட விதி தம்பி. வேலை முடித்துத் தூங்கி ஓய்வெடுக்காமல் வீடு திரும்ப முடியாத தூரமா என்றுதான் ஐஆர்எஸ் பார்க்கும்.

சாக்ரமெண்டோ: என் நண்பர் ஒரே ஊரில் வேலை பார்த்து ஒன்றரை வருஷமாகப் படி வாங்குகிறார். ஒன்றும் ஆகவில்லையே?

இன்னும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் இருப்போம் என்று தெரிந்த நாளிலிருந்தே அது தற்காலிக வேலை இல்லை. படிக்கு வரி உண்டு. நண்பர் கணக்கரைப் பார்க்கட்டும்.

எடிசன்: திருநெல்வேலியில் சொந்த வீடு இருக்கிறது, வரி கட்டுகிறோம். அது டாக்ஸ் ஹோம் ஆகுமா?

ஆண்டுக்கு ஒருமுறை கோயில் கொடைக்குப் போய்வரும் வீடு ஆகாது.

சான் டியாகோ: ஓவர்டைமுக்குப் படியைச் சேர்ப்பதில்லை. சரியா?

நல்ல கேள்வி. ஏஎம்என் என்ற நர்ஸிங் ஏஜென்சியின் மீது நர்ஸுகள் தொடுத்த வழக்கில், 2021ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நர்ஸுகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஷிப்ட் குறைந்தால் படியையும் குறைக்கிறீர்கள், உள்ளூர் நர்ஸுக்கும் அதையே வரி பிடித்துத் தருகிறீர்கள் என்றால் அது கூலிதான், ஓவர்டைம் விகிதத்தில் சேரும் என்றது. கலிபோர்னியா அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பே ஸ்டப்களை (சம்பளச் சீட்டுகளை) எடுத்துக்கொண்டு தொழிலாளர் வக்கீலைப் பாருங்கள்.

ஆஸ்டின்: வாரம் 2,400 என்கிறார்கள், போகலாமா?

டாலஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டாம்பா: வாரம் 1,950...

டாலஸ்!

ஆஸ்டின்: சரி அக்கா, கேட்டேன். மணி நேர உறுதி உண்டு என்று ரெக்ரூட்டர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

ஒப்பந்தத்தில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்து வேண்டாம், இருக்கிற வேலையையும் விடாதீர்கள்.