கொண்டை ஊசி வளைவுக்கு எந்த எலைன்மென்ட்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகள் அநேகமாக ஒன்றையே கேட்கின்றன: எலைன்மென்டுக்கு, அதாவது சில்லுகள் நிற்கும் கோணங்களுக்கு, என்ன அளவு வைக்கலாம்? அளவு சொல்கிறோம். ஆனால் தேய்ந்த பொல் ஜொயின்டிலும் (சில்லு திரும்பும் பந்து மூட்டு) கிழிந்த புஷ்ஷிலும் (ஆர்மின் ரப்பர் இணைப்பு) எந்த அளவும் நிற்காது. மலை வீதியில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கும்போது, ஆட்டமுள்ள இடமெல்லாம் டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சில்லின் முன் விளிம்பு உள்ளே (டோ இன்) அல்லது வெளியே (டோ அவுட்) திரும்பியிருக்கும் அளவை, மாற்றிக்கொண்டே இருக்கும். முதலில் வண்டியை ஜெக்கில் ஏற்றி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பொல் ஜொயின்ட் அல்லது பெயாரிங். பக்கவாட்டில் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டை ரொட் எண்ட் அல்லது ரெக் எண்ட் (சில்லைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டின் இரு முனைகள்). அதைச் சரிசெய்த பிறகே எலைன்மென்ட் கடைக்குப் போங்கள்.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. இறம்பொடைப் பக்கத்து வளைவுகளில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. என்ன செட்டிங் வைக்கலாம்? – புசல்லாவை

அலைன் செய்வதற்கென்றே வடிவமைத்ததுபோன்ற வண்டி உங்களுடையது. நான்கு சில்லிலும் லோவர் ஆர்முக்கு (சில்லைப் பிடிக்கும் கீழ்க்கை) இரண்டு இரண்டாக மொத்தம் எட்டு கெம் போல்ட்கள் (திருப்பினால் ஆர்மை உள்ளே வெளியே நகர்த்துபவை) உண்டு. ஷொப்பிங் லிஸ்ட் எதுவும் இல்லாமல், இருக்கும் போல்ட்களைக் கொண்டே எல்லாவற்றையும் மாற்றலாம்.

கெம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லின் சாய்வு, மேற்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ். காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்க்கும்போது முன் சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு. எமது பரிந்துரை: முன் கெம்பர் மைனஸ் 1.2 பாகை, பின் கெம்பர் மைனஸ் 1.5, காஸ்டர் 4.5 முதல் 5 வரை, முன் டோ பூச்சியம், பின் டோ மொத்தம் 1.5 மி.மீ. உள்நோக்கி. முன்பக்கத்தில் கெம்பரும் காஸ்டரும் ஒரே இரண்டு போல்ட்களில் வருவதால் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இரண்டில் ஒன்றை விடவேண்டி வந்தால் காஸ்டரை விடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை நிறையத் திருப்புகிறோம். அந்த நேரத்தில் வெளிப்பக்க டயரை உள்ளே சாய்த்து வீதியில் முழுதாகப் பதிய வைப்பது காஸ்டர்தான்.

முன்பக்கம் சட்டென்று திரும்ப வேண்டுமென்று டோ அவுட் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. பந்தய ஓட்டப் பாதையில் அது சரி. மழையில் நனைந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு இடமும் வலமுமாக அலையும். எமக்கு அதில் உடன்பாடில்லை.

வேலையின் வரிசை முக்கியம்: பின் கெம்பர், பின் டோ, முன் காஸ்டர், முன் கெம்பர், கடைசியாக முன் டோ. கெம்பரைத் தொட்டால் டோ மாறும். எனவே டோவை முதலில் பார்த்த வேலை வீண்.

எம் மழைக்கு இந்தப் போல்ட்கள் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது வழக்கம். அடையாளம் இதுதான்: நட்டைத் தளர்த்திவிட்டு போல்டின் தலையை ஸ்பெனரால் திருப்பும்போது அது கொஞ்சம் திரும்பும், ஸ்பெனரை விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளி வரும். அங்கே திரும்புவது போல்ட் அல்ல, ரப்பர். மேலும் பலம் போட்டால் ரப்பர் கிழியும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அசையாவிட்டால் போல்டை அறுத்து, புது போல்டும் புஷ்ஷும் போடுவதே மலிவு. புதியதைப் போடும்போது தண்டில் கொப்பர் கிரீஸ் பூசுங்கள். புஷ் போல்ட்களின் கடைசி இறுக்கம் வண்டி தரையில் நிற்கும்போதுதான். ஜெக்கில் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் வெடிக்கும்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்குக் கெம்பர் மாற்ற முடியாது, டோ மட்டும்தான் என்கிறார் கடைக்காரர். உண்மையா? – ஹட்டன்

கொம்பனி விட்டபடி பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் வழி இருக்கிறது. முன் சொக்கின் அடியில் அதை நக்கிளோடு (சில்லின் ஹப்பைத் தாங்கும் பாகம்) பிணைக்கும் இரண்டு போல்ட்களில் மேலே உள்ளதைக் கழற்றி, நடுவில் புடைப்புள்ள கெம்பர் போல்டைப் போடலாம். தண்டின் அளவு உங்கள் மொடலுக்குப் பொருந்த வேண்டும். பழைய போல்டை அளந்து பார்த்தே வாங்குங்கள். வீதிக்கு மைனஸ் 1.2 முதல் 1.5 வரை போதும். டயரின் மேற்பகுதி உள்ளே வருவதால் டயருக்கும் சொக்குக்கும் இடையே குறைந்தது 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

கெம்பர் போல்டின் பலவீனம் நழுவுவது. ஒரு பெரிய குழியில் அடித்தால் கெம்பரும் டோவும் சேர்ந்தே போய்விடும். டோர்க் ரென்ச்சால் இறுக்கிய பின் போல்டின் தலையிலிருந்து சொக்கின் தகடுவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு முறிந்திருந்தால் நழுவியிருக்கிறது என்று குனிந்த மாத்திரத்தில் தெரியும்.

பின்பக்கம் டோர்ஷன் பீம் (இரு பின் சில்லையும் இணைக்கும் ஒரே கட்டை). அங்கே சரிசெய்யும் போல்ட் கிடையாது. அளவு மிகவும் தவறியிருந்தால் பீமுக்கும் ஹப்புக்கும் இடையே சாய்வுத் தகடு வைக்கலாம். ஆனால் முதலில் பீம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டேன். 6,000 கிலோமீற்றரில் முன் டயர்களின் உட்புறம் நூல் தெரிகிறது. கெம்பர் அதிகமானதா காரணம்? – பண்டாரவளை

பெரும்பாலும் இல்லை. பழி கெம்பருக்கு, குற்றம் டோவுக்கு. வண்டியை இறக்கியபோது டை ரொட்டின் கோணம் மாறி டோ அவுட் வந்திருக்கும். கணக்கைப் பாருங்கள்: மொத்தம் 4 மி.மீ. டோ அவுட் என்றால் ஒரு சில்லுக்கு 2 மி.மீ. 16 அங்குல ரிம்மில் அது சுமார் கால் பாகை. கால் பாகை சாய்ந்து உருளும் டயர் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நாலரை மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்த இழுபாட்டைக் கெம்பர் உட்புற விளிம்பில் குவிக்கிறது.

உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது மரம் அறுக்கும் வாளின் பல்போலக் குத்தி, உள்ளிருந்து வெளியே வழுக்கினால் டோ அவுட். மறுபுறமாக இருந்தால் டோ இன். ஸ்பிரிங் மாற்றிய பின் சில நாள் ஓட்டி உயரம் படிந்ததும் அலைன் செய்யுங்கள். புது டயர் அதற்குப் பிறகு.

30 மி.மீற்றருக்கு மேல் இறக்க வேண்டாம் என்பது எம் கருத்து. லோவர் ஆர்ம் வெளி நுனி மேலே தூக்கிய நிலைக்குப் போய்விட்டால் வளைவில் வண்டி சாயும்போது கெம்பர் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். பார்க்க அழகாக இருக்கும், பிடி குறையும்.

நேர் வீதியில் வண்டி இடப்பக்கம் மெல்ல இழுக்கிறது. – வெலிமடை

மழைநீர் வடிய வீதி இடப்பக்கம் சரிந்திருக்கிறது. நாம் ஓடுவதும் இடப்பக்கம். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் இரு பக்கக் காஸ்டரையும் ஒப்பிடுங்கள், குறைவான பக்கம்தான் இழுக்கும். இடப்பக்கக் காஸ்டரை அரைப் பாகை கூட்டி வீதிச் சரிவை ஈடுகட்டுவது நீண்ட சமவெளி வீதிக்கு நல்லது. வளைவுகளிலேயே ஓடும் வண்டிக்கு இரு பக்கமும் சமமாக இருப்பதையே விரும்புகிறோம்.

வீட்டில் நூல் கட்டி அலைன் செய்ய முடியுமா? – கொட்டகலை

முடியும். பொறுமையாகச் செய்தால் டோவை அரை மில்லிமீற்றர் துல்லியத்தில் வைக்கலாம். எம் பகுதியில் சிரமம் நூலில் அல்ல, தரையில். சமதளமான முற்றம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

மேசன் பாஸ்மார் நீர்மட்டம் பார்க்கும் தெளிவான ட்யூபை எடுங்கள். உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி நான்கு சில்லு நிற்கும் இடங்களையும் பாருங்கள். குறையும் இடத்தில் மெல்லிய பலகை அல்லது தகடு வையுங்கள். இடமும் வலமும் 5 மி.மீ. வித்தியாசம் இருந்தால் கெம்பர் அளவு 0.2 பாகை பிழைக்கும். முன் சில்லுகளின் கீழ் இரண்டு தரை டைல்களுக்கு நடுவே கிரீஸ் பூசி வைத்தால், திருப்பும்போது டயர் தரையோடு மல்லுக்கட்டாது. காற்றைச் சரிபாருங்கள், பெற்றோல் பாதித் தாங்கி, ஓட்டுநர் ஆசனத்தில் உங்கள் எடைக்கு ஒரு மூட்டை மா அல்லது உரம்.

ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டுங்கள். ஹப்பின் உயரத்தில் இரு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டுங்கள். நரம்பிலிருந்து ஹப் மையத்துக்கு உள்ள தூரம் முன் இடமும் வலமும் ஒன்றாக இருக்கவேண்டும், பின் இடமும் வலமும் ஒன்றாக இருக்கவேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாக வராது, அச்சு அகலம் வேறு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நரம்புக்கு உருக்குக் கோலால் அளவெடுங்கள். முன் விளிம்பு நரம்பிலிருந்து கூடுதல் தூரத்தில் இருந்தால் டோ இன். ரிம் வளைந்திருக்கலாம் என்பதால் சில்லை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள்.

டை ரொட்டின் லொக் நட்டைத் தளர்த்தும்போது ரெக் பூட்டின் (ரெக்கின் நுனியை மூடும் ரப்பர் உறை) சிறிய கிளிப்பையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் ரப்பர் முறுகிக் கிழியும். இரு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டே அளவெடுங்கள்.

கெம்பருக்கு ரிம்மின் மேல் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு. ரிம் விளிம்புகளுக்கிடையே 400 மி.மீ. என்றால் 7 மி.மீ. வித்தியாசம் ஒரு பாகை.

அலைன் செய்த பின் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, டேஷ்போர்டில் விளக்கும் எரிகிறது. – பதுளை

முன் சில்லுகளை மட்டும் பார்த்திருப்பார்கள். பின் டோ இரு பக்கமும் சமமில்லாவிட்டால் வண்டி நண்டுபோலச் சற்றுக் கோணியே ஓடும், அதை ஈடுகட்ட ஸ்டியரிங்கும் கோணும். நான்கு சில்லும் பார்க்கும் கடைக்குப் போய்ப் பின்பக்கத்தை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். விளக்கு எரிவது அநேகமாக ஸ்டியரிங் கோண சென்ஸரின் நேர்நிலை மாறியதால். ஸ்கேனரில் அதைப் பூச்சியமாக்க வேண்டும்.

கொழும்பில் 32 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மேலே வந்தால் குளிரில் குறையுமே, கூட அடிக்க வேண்டுமா? – நுவரெலியா

வேண்டாம். கொழும்பின் 32 பாகை வெப்பத்திலிருந்து உங்கள் காலை நேர 10 பாகைக்கு வரும்போது உள்ளிருக்கும் அழுத்தம் மூன்றரை பிஎஸ்ஐ அளவு குறையும். ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்று பிஎஸ்ஐ அளவு குறைவு. கேஜ் காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என்பதால், காலையில் ஏறக்குறைய அதே 32தான் காட்டும். மதியம் வெயிலில் ஒன்று கூடலாம். ஓடி வந்த சூட்டில் அளக்காதீர்கள், இரவு நின்ற டயரைக் காலையில் அளந்து பாருங்கள்.

ஏப்ரலில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு வீதியில் ஓட்டும் அதே வண்டியைக் கொண்டுபோக ஆசை. வீதி செட்டிங் போதுமா? – நானுஓயா

முதல் தடவைக்குப் போதும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்பக்கப் பிடி குறையும், முன் கெம்பரை மைனஸ் 2 வரை கூட்டினால் பலன் தெரியும். கெம் போல்ட் உள்ள வண்டியென்றால் அதன் தட்டில் இருக்கும் கோடுகளைப் படமெடுத்து, வீதி நிலையை ஒரு நிறத்திலும் போட்டி நிலையை மற்றொரு நிறத்திலும் பெயின்ட் புள்ளியாகக் குறியுங்கள். டை ரொட்டை எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். திரும்பி வரும்போது இறக்கம் முழுக்க அந்தப் போட்டிக் கெம்பரில் ஓட்டாமல், அங்கேயே வீதிப் புள்ளிக்கு மாற்றி, டோவை நூல் கட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.