டிவி தொடரில் பிறந்த நாவல்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. கொஞ்ச நாள் முன்னால் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடையில் 'டாக்டர் ஹூ' நாவல்கள் சில கிடைத்தன. பழைய, மெல்லிய பேப்பர்பேக்குகள். அந்தத் தொடரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் புத்தகங்களைக் கீழே வைக்க முடியவில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் இவற்றைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். மூத்த நண்பர் ஒருவர், "டிவி தொடரை வைத்து எழுதியதெல்லாம் நாவலா? தொடரை விற்கப் போட்ட இன்னொரு சரக்கு அது" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. சென்னையை வைத்துத் தமிழில் ஒரு காலப்பயண நாவல் எழுத ஆசை. இரண்டு அத்தியாயம் எழுதினேன். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதிலேயே மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. இந்த நாவல்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

ர., பெரம்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் புத்தகங்கள் தொடரின் பெயரால்தான் விற்றன. ஆனால் ஒரு நாவல் எதற்காக அச்சாயிற்று என்பதை வைத்து அதன் தரத்தை முடிவு கட்ட முடியாது. நம் ஊரின் பெரிய நாவல்கள் பலவும் வாரப் பத்திரிகையின் விற்பனைக்காகத் தொடர்கதையாக எழுதப்பட்டவைதானே. நமக்குப் பழகிய பாதை பத்திரிகையிலிருந்து திரைக்குப் போவது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்து, அப்புறம் தூர்தர்ஷனுக்குப் போனது. டிவியில் பிறந்து நாவலாக வருவது இங்கே அபூர்வம். அதனாலேயே அது மட்டமானதாகத் தோன்றிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

'டாக்டர் ஹூ' பிபிசியில் தொடங்கியது 23 நவம்பர் 1963 அன்று. சனிக்கிழமை சாயங்காலம், 25 நிமிஷம். லண்டன் தெருக்களில் போலீஸைக் கூப்பிட வைத்திருந்த மாதிரி நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்று. வெளியே பார்த்தால் ஒரு ஆள் நிற்கும் அளவு, உள்ளே போனால் பெரிய கூடம். வேற்றுக்கோளைச் சேர்ந்த 'டாக்டர்' என்பவரின் வண்டி அது. அதில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கோளுக்கும் போகலாம். அன்றைக்கு வீட்டில் பதிவு செய்து வைக்க வழியில்லை, மறுஒளிபரப்பும் அபூர்வம். ஒரு சனிக்கிழமை தவறினால் தவறியதுதான். போதாததற்கு, இடத்தை மிச்சப்படுத்தவும் திரும்பப் பயன்படுத்தவும் பிபிசியே பழைய ஒளிநாடாக்களை அழித்தது. 1960களின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்படிக் காணாமல் போனவற்றில் ஒன்று 1964இல் வந்த மார்க்கோ போலோ கதை. ஏழு வாரம் ஓடியது. அதில் பெரும்பகுதியை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். தொடரின் முதல் கதையை இயக்கியவரும் அவர்தான். ஏழில் ஒரு பகுதிகூட மிஞ்சவில்லை. ஒலிப்பதிவு இருக்கிறது, புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றோடு, அந்தத் திரைக்கதையை எழுதிய ஜான் லூகரோட்டியே 1980களில் எழுதிய நாவலும் இருக்கிறது. (நம் கடற்கரைக்கு வந்து காயலைப் பற்றியும் தோமையார் கல்லறையைப் பற்றியும் தன் பயண நூலில் சொன்ன அதே மார்க்கோ போலோதான்.) படம் அழிந்த பிறகும் ஒரு கதையைக் காப்பாற்றி வைத்திருக்கும் புத்தகத்தை வெறும் சரக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அதை மட்டும் வைத்து வாதாடினால் அந்த நாவல்கள் வெறும் நகல்கள் என்று ஆகிவிடும். நல்லவை நகல்கள் அல்ல. முதல் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் வந்தது. எழுதியவர் டேவிட் விட்டேக்கர், தொடரின் திரைக்கதைகளைத் திருத்திச் செப்பனிடும் பொறுப்பில் இருந்தவர். டிவியில் கதை தொடங்குவது ஒரு பள்ளிக்கூடத்தில். ஒரு மாணவியைப் பற்றிச் சந்தேகப்படும் இரண்டு ஆசிரியர்கள் அவள் பின்னாலேயே போய், பழைய சாமான் கிடங்கு ஒன்றில் அந்தப் பெட்டியைப் பார்க்கிறார்கள். விட்டேக்கர் அதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். நாவலில் ராத்திரி நேரம், பார்ன்ஸ் காமன் என்ற லண்டன் திடல், கடும் பனிமூட்டம், ஒரு சாலை விபத்து. டிவியில் ஒன்றாக வேலை பார்க்கும் இயானும் பார்பராவும் இங்கே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கதை முழுக்க இயான் 'நான்' என்று சொல்வதாகப் போகிறது. டிவியில் கேமரா எல்லாரையும் சமமாகப் பார்க்கும். இங்கே டாக்டரை நாம் இயானின் பயத்தின் வழியாகத்தான் பார்க்கிறோம். அந்தக் கிழவர் நல்லவரா, கெட்டவரா என்று ரொம்ப நேரம் தெரியாது. தன் தொடரின் மிகப் பிரபலமான தொடக்கத்தையே மாற்றும் துணிச்சல், நாவல் வேறு வடிவம் என்று புரிந்தவருக்குத்தான் வரும்.

நீங்கள் வாங்கிய மெல்லிய புத்தகங்கள் டார்கெட் பதிப்பகத்தின் வரிசையாக இருக்க வேண்டும். 1973இல் பழைய மூன்று நாவல்களை மறுபடி அச்சிட்டு ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் அதிகம் எழுதியவர் டெரன்ஸ் டிக்ஸ், அறுபதுக்கும் மேல். அவர் நடை எளிமையானது, சுத்தமானது. அவரை வைத்தே வாசிக்கப் பழகிய பிரிட்டிஷ் பிள்ளைகள் ஏராளம். ஆனால் அவசரமாக எழுதிய பிற்கால நாவல்கள் பல, திரைக்கதையில் "என்றார்", "என்றாள்" சேர்த்தது போலத்தான் இருக்கின்றன. உங்கள் நண்பர் கையில் முதலில் அகப்பட்டது அப்படி ஒன்றாக இருந்தால் அவர் கோபம் நியாயமானதே.

மால்கம் ஹல்க் வேறு ரகம். 1970இல் அவர் தொடருக்கு எழுதிய கதை ஒன்று: மனிதர்களுக்கு முன்னால் பூமியை ஆண்ட ஊர்வன இனம் நிலத்தடியில் உறங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது விழிக்கிறது. டிவியில் அவற்றை நாம் மனிதர்களின் பக்கம் நின்றுதான் பார்க்கிறோம். அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கூட இல்லை. 1974இல் அதையே நாவலாக எழுதும்போது ஹல்க் தொடங்கும் இடம் வேறு. ஒரு சின்னக் கோள் பூமியை நெருங்கி வருகிறது. அழிவு வரும் என்று பயந்து அந்த இனம் பாதாள அறைகளுக்குள் உறங்கப் போகிறது. ஓக்டெல் என்ற ஒருவர் உள்ளே இறங்கும் முன், பள்ளத்தாக்குக்கு அப்பால் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இனி கோடிக்கணக்கான வருஷங்களுக்கு அவர் சூரியனைப் பார்க்கப் போவதில்லை. இத்தனையும் முதல் சில பக்கங்களுக்குள். பிற்பாடு டாக்டரும் ராணுவமும் வரும்போது, யாருடைய வீட்டுக்குள் யார் நுழைகிறார்கள் என்ற கேள்வி நம் மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அந்த நாவலில் பெட்டி பறக்கவில்லை, யாரும் காலம் தாண்டவில்லை. அந்த இனம் செய்வது தூக்கத்தால் ஒரு காலப்பயணம். விழிக்கும்போது வீடு இன்னொருவருடையதாகிவிட்டது.

காலப்பயணத்தில் நாவலால் மட்டும் முழுசாகச் செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். வரப்போவது வாசகருக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடு நாட்கணக்கில், மாசக்கணக்கில் கூடவே வாழ நாவல் நமக்கு அவகாசம் தருகிறது. 25 நிமிஷத்தில் அது நடக்காது. அடுத்த வாரம்வரை ஆளை இழுத்துப் பிடிக்க யாராவது கத்தியாக வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த உதாரணம் பால் கார்னெல் 1995இல் எழுதிய 'ஹ்யூமன் நேச்சர்'. அதன் பின்னணியையும் சொல்ல வேண்டும். 1989இல் தொடர் நின்றுபோனது. 1991 முதல் விர்ஜின் பதிப்பகம் டிவியில் வராத புதுக் கதைகளை நாவல்களாகப் போட ஆரம்பித்தது. அதுவரை ஒரு புத்தகம்கூட வெளியிடாதவர்களின் கைப்பிரதிகளையும் வாங்கிப் படித்தார்கள். கார்னெல் அப்படி வந்தவர். மார்க் கேட்டிஸ் 1992இல் அங்கே ஒரு நாவல் எழுதினார். 1996இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் ஒன்று எழுதினார். 2005இல் தொடரை மறுபடி உயிர்ப்பித்தவர் அதே டேவிஸ்தான். கார்னெலும் கேட்டிஸும் அந்த முதல் வருஷத்திலேயே அதற்கு எழுதினார்கள். ஆக, தொடர் இல்லாத வருஷங்களில் தொடரை வளர்த்தது நாவல்தான். உங்கள் நண்பரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். சரக்கை விற்கப் போட்ட சரக்கு என்கிறார். கடை மூடிய பிறகு வந்தவை இவை.

'ஹ்யூமன் நேச்சர்' கதை இது. டாக்டர் தன் நினைவையும் இயல்பையும் கழற்றி வைத்துவிட்டு, ஜான் ஸ்மித் என்ற சாதாரண மனிதனாக ஆங்கிலேயக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். தான் வேறு யாரோ என்பதே அவருக்குத் தெரியாது. கூட வேலை பார்க்கும் ஜோன் என்ற பெண்ணை நேசிக்கிறார். வருஷம் 1914, ஏப்ரல். பள்ளிப் பையன்கள் துப்பாக்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆகஸ்டில் உலகப் போர் வரப்போகிறது என்று நமக்குத் தெரியும். அந்தப் பையன்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் மறந்துவிட்டு வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

2007இல் கார்னெலே இதை டிவிக்கு இரண்டு பகுதிகளாக எழுதிக் கொடுத்தார். நன்றாகவே இருக்கிறது. ஆனால் டிவியில் டாக்டர் மனிதனாவதற்குக் காரணம் துரத்தி வருகிறவர்களிடமிருந்து ஒளிவது. நாவலில் காரணம் துக்கம். கூடப் பயணிக்கும் பெர்னிஸ் தான் நேசித்த ஒருவனை இழந்திருக்கிறாள். அந்த வலி டாக்டருக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறார். எதையும் சரிசெய்யத் தெரிந்தவருக்கு, கூட இருப்பவளின் அழுகை புரியவில்லை என்பதிலிருந்து ஒரு நாவல் தொடங்குகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

டிவி வடிவத்துக்கும் ஒரு பெரிய பாராட்டைச் சொல்லியாக வேண்டும். அதில் கூட வரும் மார்த்தா, நம் காலத்தில் மருத்துவம் படிக்கும் கறுப்பினப் பெண். அந்தப் பள்ளியில் அவளுக்குக் கிடைப்பது வேலைக்காரி இடம்தான். தரையைத் துடைக்கிறாள், பையன்கள் அவளைக் கேலி செய்கிறார்கள். கடந்த காலம் எல்லாரையும் ஒரே வாசல் வழியாக உள்ளே விடாது.

இதிலிருந்து உங்கள் நாவலுக்கு வருகிறேன். இயந்திரத்தை விளக்குவதை விட்டுவிடுங்கள். அந்த நீலப் பெட்டி எப்படி ஓடுகிறது என்று யாரும் ஒழுங்காக விளக்கியதில்லை. ஆரம்ப வருஷங்களில் அதைப் பற்றிச் சொன்ன முக்கியமான விஷயம், டாக்டருக்கு அதைச் சரியாக ஓட்டத் தெரியாது என்பதுதான். எங்கே போய் இறங்கும் என்று அவருக்கே தெரியாது. இயானும் பார்பராவும் வீடு திரும்ப முடியாமல் அலைவது அதனால்தான். கதைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நீங்களும் 1914க்கே போகலாம். செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. குண்டுவீச்சு அரை மணிக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஐகோர்ட் மதில் பக்கம் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. காலப்பயணம் என்றதும் எல்லாரும் நேராக அந்த ராத்திரியில் போய் இறங்குவார்கள். நீங்கள் ஏப்ரலில் இறங்குங்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு சந்து, வெயில், வாசலில் கட்டில். டிராம் ஓடுகிறது, ஏற உங்கள் ஆளிடம் காலணா இல்லை. யாராவது பார்த்ததும் முதலில் "எந்த ஊர்?" என்பார்கள், அடுத்து என்ன ஜாதி என்று கேட்பார்கள். அவன் என்ன பதில் சொல்வான்? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் எந்தத் திண்ணையில் உட்கார விடுவார்கள், எந்த ஹோட்டலில் எந்தப் பக்கம் இலை போடுவார்கள், யார் கையால் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம். மார்த்தாவுக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரலாம். அல்லது அவன் யார் என்பதைப் பொறுத்து, எதுவுமே நேராமல் சொகுசாகவும் இருக்கலாம். இரண்டும் நாவல்தான்.

அப்புறம், துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டில் அவன் தங்கட்டும். செப்டம்பர் வரப்போவது அவனுக்கு மட்டும் தெரியும். அந்த ராத்திரி அந்த ஆள் எங்கே இருப்பார் என்று ஐந்து மாசம் தினமும் நினைத்துக்கொண்டே அவர் வீட்டில் சாப்பிட வேண்டும். அந்த ஐந்து மாசத்தை எழுதுங்கள்.

போலீஸ் பெட்டி, டாக்டர் எதுவும் வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். அவை உங்களுக்குத் தேவையும் இல்லை. ஹல்க்கின் நாவல் 'டாக்டர் ஹூ அண்ட் த கேவ் மான்ஸ்டர்ஸ்'. நீங்கள் வாங்கியவற்றில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். பிறகு 'ஹ்யூமன் நேச்சர்' நாவலைத் தேடிப் படித்துவிட்டு, டிவி வடிவத்தையும் பாருங்கள். எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று குறித்துக்கொண்டே பார்த்தால் நிறையப் புரியும்.

எழுதி வைத்திருக்கும் இரண்டு அத்தியாயங்களையும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் இயந்திரம் வரும் பக்கங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் ஆள் அந்த முதல் ராத்திரி எங்கே, யார் வீட்டில் சாப்பிட்டான் என்பதை மட்டும் எழுதிச் சேருங்கள்.

அன்புடன்.