வெட் ஃபுட்டா, ட்ரை ஃபுட்டா? செட்டிநாட்டு வீட்டுப் பூனைகளுக்கு என்ன கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூனைச் சாப்பாட்டைப் பற்றியவை. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்தே அதிகம் வந்திருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம். ட்ரை ஃபுட் என்பது கடையில் விற்கும் உலர்ந்த உருண்டை உணவு; வெட் ஃபுட் என்பது பவுச் எனப்படும் சின்ன உறையில் வரும் ஈர உணவு.

எங்கள் வீட்டில் கருத்தடை செய்த கடுவன் பூனை இருக்கிறது. மூன்று வயது, நாலு கிலோ. குட்டியிலிருந்தே ட்ரை ஃபுட்தான். தட்டு காலியாகக் காலியாக நிரப்பி வைப்போம். சென்னையில் இருக்கும் நாத்தனார், 'ட்ரை ஃபுட் கிட்னியைக் கெடுத்துடும் அண்ணி, வெட் ஃபுட் மட்டும் போடுங்க' என்கிறார். கடைக்காரரோ, வெட் ஃபுட் கொடுத்தால் பல் கெட்டுவிடும் என்கிறார். ஒரு பவுச் 45 ரூபாய் ஆகிறது. எதைக் கேட்பது?
– காரைக்குடி வாசகி

ட்ரை ஃபுட் தின்றதால்தான் கிட்னி கெட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதற்காக உங்கள் நாத்தனாரின் கவலையை ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த இரண்டு உணவுக்கும் நடுவே இருக்கும் பெரிய வித்தியாசம் தண்ணீர். ட்ரை ஃபுட்டில் ஈரம் 6 முதல் 10 சதவீதம். பவுச்சில் 75 முதல் 82 சதவீதம். பூனைக்கு உணவு வழியாகவும் குடிப்பதாகவும் சேர்த்து ஒரு கிலோ எடைக்குத் தினம் 50 மில்லி தண்ணீர் தேவை. உங்கள் பூனைக்கு 200 மில்லி. அது 55 கிராம் ட்ரை ஃபுட் தின்றால் அதிலிருந்து கிடைப்பது ஒரு டீஸ்பூன் தண்ணீர்தான். மற்றதையெல்லாம் குடித்தாக வேண்டும்.

பூனை அப்படிக் குடிக்கிற பிராணி இல்லை. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்தது. பிடித்துத் தின்ற இரையின் ஈரத்திலேயே காலம் தள்ளிய இனம். ட்ரை ஃபுட் தின்னும் பூனை கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும். ஆனாலும் மொத்தக் கணக்கில் வெட் ஃபுட் தின்னும் பூனையை எட்டாது. சிறுநீர் கெட்டிப்படும், உப்புத் துகள்கள் சேரும். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல் என்பதால் சிக்கலும் அதற்குத்தான் அதிகம். கருத்தடை செய்தது, வீட்டுக்குள்ளேயே இருப்பது, எடை கூடியது, ட்ரை ஃபுட் மட்டும் தின்பது என்று நாலும் ஒரே கடுவனிடம் சேர்ந்தால் நாங்கள் கவலைப்படுவோம். அதோடு நம் ஊர் சித்திரை வெயிலும் இருக்கிறது.

முழுக்க வெட் ஃபுட்டுக்கு மாறினால் தினம் மூன்று பவுச் வேண்டும். மாதம் நாலாயிரம் ரூபாய். எல்லா வீட்டுக்கும் கட்டாது, அவசியமும் இல்லை. உங்கள் பூனைக்குத் தேவை ஏறக்குறைய 200 கிலோகலோரி. 85 கிராம் பவுச் ஒன்றில் சுமார் 70, ட்ரை ஃபுட் 100 கிராமில் சுமார் 370. ஆக, ஒரு பவுச்சும் 35 கிராம் ட்ரை ஃபுட்டும் போட்டால் கணக்கு சரியாகிவிடும். பவுச்சைக் காலையில் பாதி, இரவில் பாதி என்று பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் ஒரு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழையுங்கள். இந்த வகையில் மட்டும் 100 மில்லி தண்ணீர் உள்ளே போய்விடும். ட்ரை ஃபுட்டைக் கண்ணளவில் போடாமல் சமையல் தராசில் ஒருமுறை நிறுத்து, எந்தக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கலோரி மாறும். உங்கள் பாக்கெட்டில் போட்டிருப்பதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

காலியாகக் காலியாக நிரப்புவதை முதலில் நிறுத்துங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது; ஆனால் மேலாகத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம்.

பல் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரியில்லை. சாதாரண ட்ரை ஃபுட் பல் நுனி பட்டதும் உடைந்துவிடும். காரை படிகிற ஈறோரத்தை அது தொடுவதே இல்லை. பல்லுக்கென்றே தயாரிக்கும் பெரிய உருண்டைகள் வேறு வகை. பூனைக்கான பற்பசையில் துலக்கிவிடுவதுதான் உண்மையில் பலன் தரும். நாம் பயன்படுத்தும் பேஸ்ட் வேண்டவே வேண்டாம்.

எங்கள் கடுவன் இரண்டு நாளாக மண் தொட்டியில் போய்ப் போய் உட்காருகிறது, முக்குகிறது, கத்துகிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?
– தேவகோட்டை வாசகர்

கொடுக்காதீர்கள். இந்தக் கடிதத்துக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் இங்கும் எழுதுகிறோம். கடுவன் முக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீர் அடைப்பைத்தான். அடிக்கடி உட்காரும், ஒரு சொட்டு வரும், அல்லது அதுவும் வராது, குறியை நக்கிக்கொண்டே இருக்கும், அடிவயிற்றைத் தொட்டால் கல்லுப்போல் இருக்கும். பிறகு வாந்தி, சோர்வு. சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றைப் பிசைந்துவிடவும் கூடாது, சிறுநீர்ப் பை கிழிந்துவிடும்.

டாக்டர் மயக்கம் கொடுத்து மெல்லிய டியூப் விட்டு அடைப்பை எடுப்பார். உங்கள் ஊரில் அந்த வசதி இல்லையென்றால், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பிழைத்து வந்த பூனைக்கு மறுபடி அடைப்பு வருவது சகஜம். அதற்கு ட்ரை ஃபுட்டைக் குறைத்து வெட் ஃபுட்டைக் கூட்டுவது செலவு பார்க்கிற விஷயமே இல்லை. எந்த உணவு என்பதை டாக்டரே எழுதித் தருவார்.

தோட்டத்தில் போய் ஒதுங்கும் பூனை எவ்வளவு சிறுநீர் போகிறது என்று நமக்குத் தெரியாது. பின்கட்டில் ஒரு தட்டு மணல் வைத்துப் பழக்கினால், தினம் எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் அப்பத்தா, 'அந்தக் காலத்துப் பூனையெல்லாம் பவுச்சா தின்னுச்சு? மீன் சோறு போதும்' என்கிறார். தொண்டிப் பக்கமிருந்து வரும் சாளை மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடுகிறோம். சில நாள் கோழிக் குழம்புத் துண்டைக் கழுவிக் கொடுப்போம். இது போதாதா?
– பள்ளத்தூர் வாசகி

அப்பத்தா பார்த்த பூனை மீன் சோற்றை நம்பி வாழவில்லை. நெல் கொட்டிவைத்த வீட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. அணில், ஓணான், குருவி எல்லாம் அதற்கு இரை. முழு எலியில் இறைச்சி, எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் சேர்ந்து வரும். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரும் அதிலேயே இருக்கும். மனிதர் போட்ட சோறு மேற்கொண்டு கிடைத்த ஒரு வாய்தான். இப்போது வீட்டுக்குள் வளரும் பூனைக்கு நீங்கள் போடுவது மட்டுமே சாப்பாடு.

டாரின் என்ற சத்தைப் பூனையால் தன் உடம்பில் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987-இல் அமெரிக்காவின் டேவிஸ் நகரக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான் கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின. டாரின் நீரில் கரையும். மீன் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். முள் நீக்கிய மீனில் கால்சியமும் போதாது. வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்து முறியும். கொழுப்பு மிகுந்த சாளையையே தினம் தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கித் தொட்டாலே வலிக்கும். மீனைப் பச்சையாகப் போடுவது அதைவிட மோசம். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் இருக்கிறது.

குழம்புத் துண்டு கூடவே கூடாது. செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எது இருக்கிறது? இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே ஆபத்து என்கிறார்கள். நாலு கிலோ பூனைக்கு அது மூன்று நாலு சின்ன வெங்காயம். கறிக்குள் இறங்கிய சாறு கழுவினால் போகாது. ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாக வர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், அதனால் காரணம் புலப்படாது.

அப்பத்தா ஆசைக்குக் கறியை மசாலா போடும் முன்பே எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பில்லாமல் தினம் 15 கிராம் கொடுக்கச் சொல்லுங்கள். வெந்த தண்ணீரையும் ஊற்றலாம். மற்றபடி முழு உணவு பாக்கெட்டிலிருந்தே வரட்டும்.

மூன்று பிராண்ட் வெட் ஃபுட் வாங்கிப் பார்த்துவிட்டோம். முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?
– புதுவயல் வாசகர்

பட்டினி போடவே கூடாது. அதிலும் குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைந்து உயிருக்கே வினையாகும். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் பழைய உணவையே திரும்பக் கொடுத்துவிடுங்கள். அதையும் தொடாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

முதல் வாரம் உணவை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ட்ரை ஃபுட்டைக் காலை, மதியம், இரவு வைத்து அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். வேளைக்குப் பசி வரும். அடுத்து, அதே தட்டின் ஓரத்தில் அரை டீஸ்பூன் வெட் ஃபுட். தொடாவிட்டாலும் வாசம் பழகட்டும். அதன் பிறகு வெட் ஃபுட்டின் மேல் ட்ரை ஃபுட்டைப் பொடித்துத் தூவி, நாளுக்கு நாள் தூவலைக் குறையுங்கள். சாதாரணப் பூனைக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். பிடிவாதக்காரப் பூனைக்கு இரண்டு மாதம்கூடப் பிடிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. சில்லென்ற உணவில் வாசமே எழாது. கிண்ணத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்போது வையுங்கள். கூழ் பிடிக்காத பூனை கிரேவித் துண்டைத் தின்னும், அதையும் பாருங்கள்.

பாக்கெட்டில் ட்ரை ஃபுட்டுக்குப் புரதம் 32 சதவீதம், பவுச்சுக்கு 9 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பவுச் வெறும் தண்ணீர்தானே?
– பொன்னமராவதி வாசகர்

ஈரத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். பவுச்சில் ஈரம் 80 போக மீதி 20. அதில் 9 என்றால் 45 சதவீதம். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 போக மீதி 90. அதில் 32 என்றால் 35 சதவீதம் சொச்சம். அதைவிட முக்கியம், அட்டையில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' (எல்லாச் சத்தும் சேர்ந்த முழு உணவு) என்று இருக்கிறதா என்பது. 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும்; நக்கித் தின்னும் க்ரீம் டியூப்கள் பெரும்பாலும் அந்த ரகம். நாய் உணவைப் பூனைக்குப் போடாதீர்கள், அதில் டாரின் போதாது.

பவுச்சைப் பிரித்துப் பாதி வைத்தால் கெட்டுப்போகிறது. தட்டைக் கீழே வைத்தால் ஆத்தங்குடிக் கல் தரை முழுக்க எறும்பு. மகன் பெரிய மூட்டையாக ட்ரை ஃபுட் வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.
– கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி

ஆச்சி, பிரித்த பவுச்சில் மிச்சத்தை மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தட்டில் வைத்தது கோடையில் அரை மணி, மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

எறும்புக்கு, அகலத் தட்டில் விரற்கடை தண்ணீர் விட்டு அதன் நடுவில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணம் தட்டின் விளிம்பைத் தொடக்கூடாது. தொட்டால் எறும்பு அதன் வழியாக ஏறும். எறும்புச் சாக்கட்டியால் கோடு போடாதீர்கள், பொடியும் தூவாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரெத்ராய்டு மருந்தைப் பூனையின் உடம்பால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. மிதித்த காலை நக்கினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

மூட்டையை அப்படியே சம்படத்தில் கொட்ட வேண்டாம். பையோடு சேர்த்துச் சம்படத்துக்குள் இறக்கி, காற்றை அமுக்கி, வாயைச் சுருட்டிக் கிளிப் போட்டு மூடுங்கள். பிரித்த நாளைப் பையின் மேல் எழுதி வையுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் போனால் கொழுப்பு காறிவிடும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பவுச்சும் சேர்த்துத் தின்னும் ஒரு பூனைக்கு மாதம் ஒன்றரை கிலோவுக்கு மேல் ஆகாது. அடுத்த முறை மகன் வாங்கினால் சின்ன பாக்கெட்டாக வாங்கச் சொல்லுங்கள். கடையில் உதிரியாக நிறுத்துத் தரும் ட்ரை ஃபுட்டில் காலாவதித் தேதியே தெரியாது என்பதால் அது வேண்டாம்.

தண்ணீர்க் கிண்ணம் இரண்டு மூன்று இடத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளியே இருக்கட்டும். முற்றத்து வெயிலில் வைத்தால் சுட்டுவிடும். நிழலுக்கு நகர்த்தி, காலை மாலை மாற்றி, தினம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வயதான பூனை திடீரென்று கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க ஆரம்பித்தால் வெயில் என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீரகக் கோளாறும் சர்க்கரையும் அப்படித்தான் முதலில் தெரியவரும்.