ஓடைக்கரை மரங்கள் யார் பொறுப்பு? மலையகப் பறவைகள் பற்றிய கேள்வி பதில்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பறவைகளுக்கு ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கலை எல்லாம் இருக்கிறதே. தோட்டத்துக்குள் நாங்கள் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது தம்பி. ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றையும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமை ஆக்கினார்கள். அவற்றுக்கு நடுவே கிடப்பதில் பெரும்பகுதி தேயிலை. காட்டுப் பறவை ஒன்று அதைக் கடக்க ஓடைக்கரை மரங்களும் மலை உச்சியில் விட்டுவைத்த காட்டுத் துண்டுகளும்தான் துணை.

இலங்கைச் சீகாரப் பூங்குருவியைப் பாருங்கள். ஆண் கருநீலம், பெண் பழுப்பு, இரண்டுக்கும் தோளில் பளிச்சென்று ஒரு நீலப் புள்ளி. நம் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அடர்ந்த நிழலும் பாறையில் அடித்தோடும் தண்ணீரும் அதற்கு வேண்டும். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூர்மையான சீழ்க்கை கேட்கும், ஆளைக் காண்பது அரிது. கரையை வெட்டி வெயில் விழுந்த இடத்தில் அது நிற்காது.

தலவாக்கலை, ஓர் ஆசிரியை: பாதுகாப்புத் திட்டம் என்றால் யார் யாரைச் சேர்க்க வேண்டும்?

டீச்சர், ஊர் முழுவதற்கும் திட்டம் போடாமல் ஒரே ஓடையை எடுங்கள். மேலே உள்ள காடு வனத் திணைக்களத்திடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ இருக்கும். நடுவில் தோட்டம்: நிலம் அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளிடம். கீழே குப்பையும் பாதையும் பிரதேச சபையின் வேலை. தண்ணீரைக் குடிப்பது லயன், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகள். இவர்களை ஒரு வரைபடத்தின் முன் உட்காரவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பறவைக் கணக்கெடுப்புக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவை நாடலாம். பள்ளியில் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. கொழுந்து எடுக்கிற அக்காமாரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். எந்த மலையில் எது கூடு கட்டுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும், ஆனால் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

ஹட்டன், தோட்டத் தொழிலாளி ஒருவர்: சேர், கரை மரத்தை வெட்டாதே என்கிறீர்கள். விறகுக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. விறகுக்கு வழி சொல்லாத திட்டத்தை நான் திட்டமாகவே எடுப்பதில்லை. கரையில் கத்தி வைப்பவர் பறவைக்கு எதிரி அல்ல, குளிர் காலையில் பிள்ளைக்கு வெந்நீர் வைக்க வேண்டியவர். 2022இல் கேஸ் கிடைக்காமல் போனபோது நாம் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

எந்த மலையை எந்த வருடம் கவாத்து வெட்டுவது என்று தோட்ட அலுவலகத்தில் கணக்கு இருக்கும். வெட்டி விழும் தேயிலைக் கிளையான மிலாறு எப்போது, எந்த லயனுக்கு விறகாகும் என்பதை அந்தக் கணக்கோடு சேர்த்து முன்கூட்டியே எழுதிவிடலாம். நிழல் மரத்தின் கிளை கழிக்கும்போதும் அப்படியே. தேயிலை செத்துக் கிடக்கும் தரிசுத் துண்டு ஒன்றை விறகுக்கென்றே ஒதுக்கி மரம் நடச் சொல்லிக் கேளுங்கள். டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) நடுவதானால் ஓடையிலிருந்து தள்ளி நடட்டும், அது தண்ணீரை அதிகம் இழுக்கும். இவை எழுத்தில் வந்த பிறகு கரையை விடச் சொன்னால் சனம் கேட்கும்.

வெலிமடை, மரக்கறி பயிரிடுபவர்: எங்கள் பங்கு?

மருந்தடித்த டாங்கியை ஓடையில் கழுவாதீர்கள். பூச்சியும் தவளையும் செத்தால் அவற்றைத் தின்னும் பறவைக்கு இரை இல்லை. வேலியோரப் புதரை முழுவதும் வழிக்காமல் கொஞ்சம் விடுங்கள்.

நுவரெலியா: விக்டோரியா பூங்காவுக்குக் கேமராவோடு வெள்ளைக்காரர்கள் வருகிறார்களே, டவுனுக்குள் அப்படி என்ன பறவை?

காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருகிறது. ஆறுமணிக் குருவியும் அப்படித்தான், உதிர்ந்த இலையைக் கிளறி இரை தேடும். எனவே பூங்காவின் மூலைப் புதர்களையும் சருகையும் அப்படியே விடச் சொல்லி மாநகர சபையிடம் கேட்க வேண்டும். சுத்தம் என்று எல்லாவற்றையும் கூட்டிவிட்டால் இரை இருக்காது.

பண்டாரவளை: போன வருடம் ஓர் அமைப்பு வந்து மரம் நட்டுப் படம் எடுத்துப் போனது. ஒன்றும் மிஞ்சவில்லை. மறுபடி கேட்கிறார்கள், சம்மதிக்கலாமா?

சம்மதியுங்கள், ஆனால் நிபந்தனையோடு. கன்று நடும் காசைவிட அதன் பிறகு மூன்று வருடம் புல் வெட்டும் காசுதான் முக்கியம். அந்த வேலையைத் தோட்டத்து ஆட்களுக்கே கொடுத்து, கூலியையும் பொறுப்பாளர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நாவல் இனம், கீன போன்ற நம் காட்டு மரக் கன்றுகளையே கேளுங்கள். செத்த கன்றுக்குப் பதில் கன்று யார் தருவது என்பதும் அதில் இருக்கட்டும். மறுத்தால், வேறு அமைப்பைப் பார்க்கலாம்.