பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் படங்களை விற்பனை நூலில் சேர்க்கலாமா?

கடலோரச் சூழல் பற்றித் தமிழில் எழுதும் நூலுக்கு, அமெரிக்காவில் உள்ள மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இலவசமாக வழங்கும் படங்களைப் பயன்படுத்தலாமா, விலைக்கு விற்கப்போகும் நூல் என்பதால் தனி அனுமதி பெற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம்; தனி அனுமதிக் கடிதம் தேவையில்லை. ஆனால் அனுமதி ஏற்கெனவே சில நிபந்தனைகளோடு தரப்பட்டிருக்கிறது என்பதால், அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு உங்களுடையது. சூழலியல் நூல்களுக்குப் படத்தேர்வும் பக்க வடிவமைப்பும் செய்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த மையத்தின் ஒருங்கிணைப்பு மற்றும் பயன்பாட்டு வலையமைப்பு என்ற பிரிவுதான் இந்தப் படக் களஞ்சியத்தை நடத்துகிறது. நண்டு, கடற்புல், கண்டல் மரம், கழிவுநீர்க் குழாய், மீன்பிடிப் படகு என ஆயிரக்கணக்கான சின்னங்கள் அதில் உள்ளன. இவை கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 என்ற, எல்லாருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டவை. இந்த உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, மாற்றியமைக்கவும் அனுமதிக்கிறது. அதற்கு ஈடாகக் கேட்பது, வரைந்தவரின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறிப்பிட்டு உரிமப் பக்கத்தின் முகவரியையும் தர வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும், மாற்றியமைத்த படைப்பை அதே உரிமத்தின்கீழ் வெளியிட வேண்டும் என்பவையே.

கடைசி நிபந்தனையில்தான் பல பதிப்பாளர்கள் தயங்குகிறார்கள். ஒரு நண்டின் சின்னத்தை அப்படியே பக்கத்தில் வைத்தால், நூல் முழுவதும் அந்த உரிமத்துக்குள் போய்விடாது. உங்கள் எழுத்தின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். கண்டல் மரம், நண்டு, படகு ஆகியவற்றை எடுத்து, நிறம் மாற்றி, ஆற்று முகத்துவாரத்தின் குறுக்குவெட்டுப் படமாக நீங்கள் இணைத்தால், அந்த ஒரு படம் மட்டும் பை-எஸ்ஏ உரிமத்தில் இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் முழு விளக்கப்படம் ஒன்றின் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கினாலும் அது மாற்றியமைத்தலே. அளவைச் சுருக்குவதும் கோப்பு வகையை மாற்றுவதும் அப்படிக் கருதப்படுவதில்லை. ஆய்விதழுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், முழுப் பதிப்புரிமையையும் எழுதிக் கேட்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இந்தப் படத்தைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிவித்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது.

நம் பதிப்புலகில் "நன்றி: இணையம்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை, அது யாருக்கும் நன்றி சொல்லாத நன்றி. படத்தின் கீழே இடம் இல்லையென்றால், நூலின் இறுதியில் ஒரு பக்கம் ஒதுக்கி, பக்க எண்ணோடு இப்படித் தரலாம்: "பக். 42: படம் (வரைந்தவர் பெயர்), ஒருங்கிணைப்பு மற்றும் பயன்பாட்டு வலையமைப்பு, மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 (உரிமப் பக்கத்தின் முகவரி), நிறம் மாற்றப்பட்டது." பல்கலைக்கழகத்தின் இலச்சினையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள், உரிமம் அதற்குப் பொருந்தாது.

உரிமத்தைப் போலவே உள்ளடக்கத்தையும் கவனிக்க வேண்டும். இந்தக் களஞ்சியம் மேரிலாண்டை ஒட்டிய செசபீக் விரிகுடாவின் கரையில் பணியாற்றுபவர்கள் உருவாக்கியது என்பதால், அங்குள்ள நீல நண்டு மேற்கு அட்லாண்டிக்கைச் சேர்ந்தது. நம் கடலில் வலையில் விழும் நீலக்கால் நண்டு வேறு இனம், அதன் ஆண் நண்டின் ஓட்டில் வெண்புள்ளிகள் பரவியிருக்கும். முத்துப்பேட்டையைப் பற்றி எழுதும்போது, முட்டுவேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னையின் சின்னத்தை வைத்தால் மீனவர்களே சிரிப்பார்கள். அங்கே பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல். அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். எஸ்விஜி கோப்பையே பதிவிறக்குங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கும் என்பதால் ஒரு மாதிரித் தாள் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிளிப்ஆர்ட் இடிசி தொகுப்பில், வணிக நோக்கமற்ற ஒரு கல்விப் பணிக்கு 50 படங்கள் வரைதான் தனி அனுமதியின்றி எடுக்கலாம். விற்பனை நூலுக்கு அது உதவாது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸின் உடற்கூறியல் நூலில், நுண்ணோக்கிப் படங்களின்கீழ் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் பெயர் தனியாகக் காணப்படும்; எனவே நூலின் முகப்பில் உள்ள உரிமத்தோடு நிறுத்தாமல், படத்தின் கீழே உள்ள வரியையும் படிக்க வேண்டும். வகுப்பறைப் பயன்பாட்டுக்கு விலக்களிக்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவை இங்கே துணைக்கு அழைக்க முடியாது. அந்த விலக்கு கற்பித்தலுக்கானது, அச்சிட்டு விற்பதற்கானது அல்ல.

படம் எடுத்த நாளன்று உரிமக் குறிப்போடு அந்தப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, நூலின் கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை தந்ததைத் திரும்பப் பெற முடியாது என்றாலும், களஞ்சியம் பின்னாளில் விதிகளை மாற்றிக்கொண்டால், மறுபதிப்பின்போது உங்கள் கையில் சான்று இருக்கும்.